காதுக்கு வேலையில்லாத ஒரு மணி நேரம்

காதை வைத்துப் பிழைப்பவள் நான்.
மெய்ன் கரையோரத் தீவுகளில்
உப்புக்காற்று குடித்து வீங்கிய பியானோக்களுக்குச்
சுதி சேர்ப்பது தொழில்.
இரண்டு தந்திகளுக்கு நடுவே மயிரிழை பிசகினாலும்
அங்கே ஓர் அலை துடிக்கும்.
எனக்குக் கேட்கும்.

வெண்டல் பிங்கம் முதலில் சொன்னதே இதுதான்:
"லோயிஸ், மேகத்துக்குள் போனதும்
அந்தக் காதைக் கழற்றிப் பின்சீட்டில் வைத்துவிடு."

மேகத்துக்குள் பறந்து ஒன்பது வருஷம் ஆகிறது.
அப்போது எதிரே ஆறு வட்டங்கள்.
முள் நிற்கும் கோணமே போதும்,
எண்ணைப் படிக்க வேண்டாம்;
சுவர்க்கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்தே
படகைத் தவறவிட்டோம் என்று தெரிந்துகொள்வதுபோல.
இப்போது கண்ணாடித் திரை.
இடப்பக்கம் வேகம் ஒரு நாடாவாக ஓடுகிறது,
வலப்பக்கம் உயரம் இன்னொரு நாடா,
நடுவில் நீலமும் பழுப்பும்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடிவானம்.
எல்லாம் இருக்கிறது,
நான் தேடும்போது தேடுவதைத் தவிர.

ஆயிரத்து இருநூறு அடியில் மூடுபனி மூடிக்கொண்டது.
இறக்கை முனை இல்லை. கடல் இல்லை.
ஒரு அலைவரிசையைத் திருகி வைக்கும் நேரத்துக்குள்
விமானம் மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
எனக்குத் தெரியவில்லை, திரைக்குத் தெரிந்திருந்தது.
சட்டென்று நிமிர்த்தினேன்.
நிமிர்ந்த மறுகணம்
வலப்பக்கம் கவிழ்கிறோம், கவிழ்கிறோம் என்று
உடம்பு முழுக்கக் கூச்சல்.
காதுக்குள் இருக்கும் அந்தச் சொட்டுத் தண்ணீர்,
நாற்பது வருஷம் எனக்குச் சோறு போட்ட செவியின்
அடுத்த அறைக்காரன்,
கூசாமல் பொய் சொன்னான்.
கழுத்து ஒருபக்கம் கோணியிருக்க
கண்ணை மட்டும் நம்பி நேராகப் பறந்தேன்.

பிறகு கண்ணும் ஏமாந்தது.
நடுக்கோடு ஆடாமல் நின்றது.
ஆஹா, கை மறக்கவில்லை என்று
எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.
வெண்டல் தொண்டையைச் செருமினான்.
"அது என்ன நிறம்?"

ஊதாச்சிவப்பு.
பச்சையாக இருந்திருக்க வேண்டும்.
செயற்கைக்கோள் போட்டுத்தந்த பாதையில்
சமர்த்தாகப் போய்க்கொண்டிருக்கிறேன்;
ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோக் கதிரைக் காட்டு என்று
திரையிடம் நான் சொல்லவே இல்லை.
ஒரே ஒரு பொத்தான்.
கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்தவள்
அது யாருடைய கோடு என்று கேட்கவில்லை.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய்.
மிச்சமிருப்பது விசாரணைதான்:
இதைக் கேட்டு, அதைக் கேட்டு,
இரண்டும் ஒத்துப்போகிறதா என்று மூன்றாவதைக் கேட்டு,
மறுபடி முதலிலிருந்து.

முழு விசை. மூக்கை உயர்த்து. மேலே.

இரண்டாம் சுற்றில் பச்சை.
வாயால் சொன்னேன்: "பச்சை."
அந்த நேரம் பார்த்து அவன் எதையோ இழுத்தான்,
என் பக்கத் திரை இருண்டது.
அடிவானமே போயிற்று.
என் கை, என்னைக் கேட்காமல்,
சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தது.
வலப்பக்கத் திரைக்கு எல்லாம் குடிபெயர்ந்து வந்தன,
நெருக்கியடித்துக்கொண்டு, ஆனால் ஒன்றுகூடக் குறையாமல்.
நானூறு. முந்நூறு. எழுத்தெழுத்தாக இப்போது படிக்கிறேன்.
இருநூற்றைம்பதில்
பாலில் விழுந்த குங்குமப்பூப்போல
முதல் விளக்கு.

எஞ்சினை அணைத்ததும் காதைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.
அலைதாங்கியின் முனையில் பனிச்சங்கு ஊதிக்கொண்டிருந்தது,
கால் சுதி இறங்கி.
"தேறிவிட்டாய்" என்று வெண்டல் பேனாவைத் தேடினான்.
இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்றேன்,
வியாழக்கிழமை, அந்தப் பொத்தானுக்காக மட்டும்.

நாளை தீவுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பியானோ காத்திருக்கிறது.
படகில்தான் போகப்போகிறேன்.